கிண்ணத்தில் வித்தி இல்லையென்றால் வயலில் எரிபந்தம் இல்லையா?

கடந்த பெரும்போகத்தில் தம்பலகாமத்துக் கமக்காரர் ஒருவர், சாம்பல் நிற நடுவும் கபில விளிம்புமாகக் கண் வடிவப் புள்ளிகள் விழுந்த நெல்லிலைகளோடு, வேறோர் ஆய்வுகூடம் எழுதிக் கொடுத்த தாளையும் கொண்டுவந்தார். இலையிலிருந்து எடுத்து வளர்ப்புக் கிண்ணத்தில் இட்டதில் பங்கசு வளர்ந்ததாகவும், அது பரவ உதவும் நுண்விதைகளான வித்திகள் காணப்படாமையால், நெல்லின் பங்கசு நோயான எரிபந்தம் உறுதியாகவில்லை என்றும் அதில் இருந்தது. அதை நம்பி, சத்துக் குறைவாக இருக்கலாம் என்று அவர் மேலும் யூரியா எறிந்திருந்தார். எரிபந்தம் பிடித்த வயலில் யூரியா நோயை மேலும் கூட்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய தாள்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

பங்கசு செழித்துப் படர்ந்தால் வித்தியும் தானாக உருவாகும் என்றும், உருவாகாவிட்டால் அது அந்தப் பங்கசே அல்ல என்றும் பலர் நினைக்கிறார்கள். எரிபந்தத்தை உண்டாக்கும் பைரிகுலேரியா ஒரைசேயைப் பொறுத்தவரை இது முழுத் தவறு. அதன் வளர்ச்சிக்கு வேண்டியது வேறு, வித்தியாக்கத்துக்கு வேண்டியது வேறு. சத்து நிறைந்த உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏகார் என்னும் கூழ் ஊடகத்தில், 25 முதல் 28 பாகை செல்சியசில், பங்கசு இழைகளின் பின்னலான பூசணவலை கிண்ணத்தை நிரப்பிவிடும். ஆனால் அதில் ஒரு துளியை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தால் பெரும்பாலும் வெறும் இழைகளே தெரியும். அதே பங்கசை ஓட்ஸ் ஏகாரிலோ அரிசித்தவிட்டு ஏகாரிலோ வளர்த்து, 7 முதல் 10 நாட்களில் மேலெழுந்த பூசணவலையைத் தொற்றுநீக்கிய தூரிகையால் மெல்லச் சுரண்டி அகற்றி, மூடியைச் சற்றே விலக்கிக் குழல்விளக்கின் கீழ் 2, 3 நாட்கள் வைத்தால், மூன்று கலங்களைக் கொண்ட பேரிக்காய் வடிவ வித்திகள் காம்பு நுனிகளில் கொத்தாக நிற்பதைக் காணலாம். வளர்ப்பை மர அலமாரியின் இருட்டில் பூட்டி வைத்துவிட்டு வித்தியைத் தேடுகிறவர்களுக்கு இதை எத்தனை முறை சொல்வது? கிண்ணத்தில் படர்ந்த பங்கசுக் குடியின் விட்டத்தை அடிமட்டத்தால் அளந்து ‘சிறந்த ஊடகம்’ என்று முடிவெழுதும் மாணவர்களும் கவனிக்கட்டும்: நோயை வயலில் பரப்புவது வித்தி; அதை எண்ணாத முடிவு பாதி முடிவுதான்.

வெப்பநிலையும் அப்படியே. பின்னேரம் ஏசியை நிறுத்திவிட்டுப் போகும் திருகோணமலை ஆய்வுகூடத்தில், கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில், ‘அறை வெப்பநிலை’ என்று எழுதுவதில் எந்தப் பொருளும் இல்லை. 35 பாகையை நெருங்கும்போது இந்தப் பங்கசின் வித்தியாக்கம் ஏறத்தாழ நின்றுவிடும். காற்றின் ஈரப்பத அளவான சாரீரப்பதன் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலும் இலைப்புள்ளியில் வித்தி அரிது. மார்கழி, தை மாதப் பனி இரவுகள் இந்த ஈரத்தையும் குளிர்ச்சியையும் தம்பலகாமம், கந்தளாய் வயல்களுக்குத் தாராளமாகக் கொடுத்துவிடுகின்றன. அங்கே ஒரே புள்ளி ஓரிரவில் ஆயிரக்கணக்கான வித்திகளை விடும்.

எரிபந்தத்துக்கான ட்ரைசைக்லசோல் என்ற மருந்தை ஏகாரில் கலந்து பார்த்து, பங்கசு வளர்ந்துவிட்டதால் மருந்து பலனற்றது என்று கூறுவோரும் உண்டு. அந்த மருந்து வளர்ச்சியை நிறுத்துவதற்கானது அல்ல. மெலனின் என்ற கருநிறப் பொருள் உருவாவதைத் தடுத்து, இலைத்தோலைத் துளைக்கும் வலுவைப் பங்கசிடமிருந்து பறிப்பது. கிண்ணத்தில் துளைப்பதற்கு இலை ஏது?

ஆகவே அறிக்கை எழுதுவோர் ஊடகம், அதன் அமில, கார அளவைக் காட்டும் பிஎச் பெறுமானம், வெப்பநிலை, ஒளி கொடுத்த மணித்தியாலங்கள், வளர்ப்பின் வயது ஆகியவற்றைத் தவறாமல் குறிப்பிடுங்கள். பிஎச் 6.5 அளவில் இருக்கட்டும். ஒரே வளர்ப்பைக் கிண்ணத்துக்குக் கிண்ணம் மாற்றிக்கொண்டே போகாதீர்கள். வித்தி தரும் ஆற்றலும் நோயூட்டும் ஆற்றலும் குன்றிவிடும். வடிதாளில் வளர்த்து, நன்கு உலர்த்தி, −20 பாகையில் வைத்துத் தேவைக்கு எடுங்கள்.

கமக்காரர்களிடமும் விவசாயப் போதனாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். முற்றிக் காய்ந்த இலையை விட்டுவிட்டு, புள்ளி புதிதாக விரியும் இலையைப் பறித்து, கடதாசி உறையில் இட்டு அன்றே கொண்டுவாருங்கள். பொலித்தீன் பையில் கட்டி, வெயிலில் மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக் கொண்டுவந்தால், வழியிலேயே அழுகற் பங்கசுகள் முந்திக்கொள்ளும். ஆய்வுகூடத்தினரே, அந்த இலைத் துண்டை ஈர வடிதாள் விரித்த கிண்ணத்தில் ஓரிரவு மூடிவைத்து, காலையில் புள்ளியின் நடுவை ஒட்டுநாடாவால் ஒற்றி நுணுக்குக்காட்டியில் பாருங்கள். ‘வித்தி இல்லை’ என்று எழுதுமுன் இதையாவது செய்யுங்கள்.