தெரிந்த சொல்தான் காலை வாரும்

விடைத்தாள் திருத்தும்போது வருடம் தவறாமல் கண்ணில் படுகிற வரி ஒன்று: ‘ஜூலியட் மாடத்தில் நின்று ரோமியோ எங்கே என்று தேடுகிறாள்.’ அவள் தேடவே இல்லை. அவள் வசனத்தில் வரும் ‘வேர்ஃபோர்’ என்றால் எங்கே அல்ல, ஏன். நீ ஏன் ரோமியோவாக, பகையாளி வீட்டுப் பிள்ளையாக இருந்து தொலைக்கிறாய் என்று புலம்புகிறாள். அடுத்த வரியிலேயே உன் தகப்பனை மறுத்துவிடு, பெயரை விட்டுவிடு என்கிறாள். ஆளைத் தேடுகிறவளா இப்படிப் பேசுவாள்?

ஷேக்ஸ்பியர் பாடம் நடத்தத் தொடங்கிய காலத்தில் நானும் வழக்கொழிந்த சொற்களைத்தான் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். அவை பெரிய தொல்லை தரவில்லை. தெரியாத சொல் என்றால் பிள்ளைகள் அகராதியைப் பார்த்துவிடுகிறார்கள். சறுக்குவதெல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிற சொல்லில்தான். அங்கே சந்தேகமே வருவதில்லை. பழம்பாட்டில் ‘நாற்றம்’ என்று வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வது போல.

ஹாம்லெட் முதல் அங்கத்தில் ஆவியின் பின்னால் போகப் பார்க்கிறான். உடன் இருப்பவர்கள் பிடித்து இழுக்கிறார்கள். என்னை ‘லெட்’ செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்கிறான். “போக விடுகிறவனை எதுக்கு சார் கொல்லணும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. அங்கே ‘லெட்’ என்றால் தடுப்பது. பழைய ஆங்கிலத்தில் விடுவதற்கு ஒரு சொல், தடுப்பதற்கு வேறொரு சொல். காலப்போக்கில் இரண்டும் ஒரே உருவமாகிவிட்டன. தடுக்கிற ‘லெட்’ இன்னும் சாகவில்லை. டென்னிஸ் சர்வீஸில் பந்து வலையை உரசிப் போனால் சொல்வது அதைத்தான். நம் பாஸ்போர்ட்டில், குடியரசுத் தலைவர் பெயரால் வரும் வேண்டுகோளிலும் அது உண்டு, எடுத்துப் பாருங்கள்.

‘ப்ரெசென்ட்லி’யை நாம் விண்ணப்பங்களில் ‘தற்போது’ என்ற பொருளில் எழுதுகிறோம். ஷேக்ஸ்பியரிடம் அது பெரும்பாலும் ‘இப்போதே’. லியர் மன்னன் தன்னை ‘ஃபாண்ட்’ என்று சொல்லிக்கொள்வது பாசத்தால் அல்ல, மதிகெட்ட கிழவன் என்று நொந்துகொள்கிறான். ‘நாட்டி’ குறும்பல்ல, கொடுமை.

கைபேசி அகராதி முதலில் காட்டுவது இன்றைய பொருளை. அதனால் குறிப்புகள் உள்ள பதிப்பை வாங்கச் சொல்கிறேன். ஜெர்மானியரான அலெக்சாண்டர் ஷ்மிட் 1874இல் வெளியிடத் தொடங்கிய ஷேக்ஸ்பியர் சொற்களஞ்சியம் இன்றும் கைகொடுக்கும். எல்லாச் சொல்லும் தெரிந்திருந்தும் வாக்கியம் உதைக்கிறதா, அங்கே அடிக்கோடு போடுங்கள்.

எதிரில் இருப்பவரைக் குறிக்க அன்றைய ஆங்கிலத்தில் இருந்த ‘தௌ’ (நீ), ‘யூ’ (நீங்கள்) விஷயத்தில் மட்டும் நமக்கு லாபம். நீ, நீங்கள் என்று பேசிப் பழகியவர்கள் நாம். கணக்கு எல்லா இடத்திலும் கறாராக ஒத்துவராது. ஆனால் மூன்றாம் அங்கத்தில் தாயின் அறைக்கு ஹாம்லெட் வரும் காட்சியைப் பாருங்கள். ‘உன் தந்தையை நீ மிகவும் நோகடித்துவிட்டாய்’ என்கிறாள் தாய், இரண்டாம் கணவனை மனதில் வைத்து. ‘அம்மா, என் தந்தையை நீங்கள்தான் மிகவும் நோகடித்துவிட்டீர்கள்’ என்கிறான் மகன், செத்துப்போனவரை நினைத்து. உடனே அவளும் ‘யூ’வுக்குத் தாவிவிடுகிறாள். சண்டை முற்ற முற்ற மரியாதை ஏறுகிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? போன வருடம் ஒரு பையன் எழுந்து, அந்த ‘நீங்க’வை இழுத்த இழுப்பில் வகுப்பே சிரித்தது. அடிக்குறிப்பை யாரும் கேட்கவில்லை.