தொலைந்துபோகும் பின்நேரங்கள்: விலகல் அடையாளக் கோளாறு எப்படி இயங்குகிறது

தேயிலைத் தோட்டத்தின் 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில் எதையும் மறைக்க முடியாது என்பார்கள். இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அங்கேயும், கூடவே படுத்து எழும்புகிறவர்களுக்குத் தெரியாமல் வருடக்கணக்கில் இருந்துவிடக்கூடிய நோய் ஒன்று உண்டு: விலகல் அடையாளக் கோளாறு. ஒருவரின் ‘நான்’ பல நிலைகளாகப் பிரிந்து, ஒரு நிலையில் செய்தது இன்னொரு நிலையில் நினைவுக்கு வராமல் போவதுதான் இது. முன்பு இதைப் பல ஆளுமைக் கோளாறு என்றார்கள். 1994இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் அந்தப் பெயரை மாற்றியது. சினிமாவில் வருவதுபோலக் குரல் மாறி, கண் சிவந்து, ஊரே பார்க்க ஆள் மாறுவது சிலருக்கு மட்டுமே நடக்கும். மற்றவர்களுக்கு நாளில் பாதி, நடந்ததை மறைப்பதிலேயே போய்விடுகிறது.

விளக்குவதற்காக ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக் களத்துக்குப் போனால் கங்காணி முறைக்கிறார். “நேத்து மடுவத்துல அம்புட்டுப் பேச்சுப் பேசிப்புட்டு, இன்னைக்கு ஒன்னும் தெரியாத மாதிரி நிக்கிறியே புள்ள?” அந்தப் பெண்ணுக்கு நேற்றுப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் ஞாபகத்தில் இல்லை. “தலவலிங்க” என்று சமாளிக்கிறார். பெட்டியைத் திறந்தால், தான் வாங்கிய நினைவே இல்லாத கண்ணாடி வளையல். இன்னொரு நாள் ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்கிறார்; எதற்கு வந்தோம், எந்த பஸ்ஸில் வந்தோம் என்று தெரியவில்லை. தலைக்குள் ஒரு சின்னப்பிள்ளை அழுகிற சத்தம் சிறுவயதிலிருந்தே கேட்கிறது. எல்லாருக்கும் அப்படித்தான் கேட்கும் என்று நினைத்திருந்தார்.

ஆனால் அந்தத் தொலைந்த பின்நேரத்திலும் அவர் கொழுந்து எடுத்திருக்கிறார். கூடை நிறைந்திருக்கிறது, கணக்கில் கிலோவும் விழுந்திருக்கிறது. இந்த நோயின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளுகிற கைப்பழக்கம் மூளையில் ஒரு வகை நினைவு. ‘நேற்று எனக்கு இது நடந்தது’ என்பது வேறொரு வகை. முதலாவது பெரும்பாலும் எல்லா நிலைகளுக்கும் பொதுவாகவே இருக்கிறது. உடைவது இரண்டாவதுதான்.

அது எப்படி உடைகிறது? நெதர்லாந்து உளவியலாளர் ரஃபேல் ஹன்ட்ஜென்ஸும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 2012இல் வெளியிட்ட சோதனை இதற்கு அழகான விடை தருகிறது. நோயாளி ஒரு நிலையில் இருக்கும்போது சொன்ன சொந்த வாழ்க்கை விவரங்களை, அது எதுவுமே தனக்குத் தெரியாது என்கிற இன்னொரு நிலையில் இருக்கும்போது, வேறு சொற்களுக்கு நடுவே திரையில் காட்டினார்கள். பார்த்தவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். வாய் தெரியாது என்றது. விரலோ அந்தச் சொற்களில் மட்டும் தடுமாறித் தாமதித்தது. நினைவு அழிந்திருக்கவில்லை என்பதற்கு அந்தத் தாமதமே சாட்சி.

அப்படியானால் நடிக்கிறார்களா? இந்தச் சந்தேகமும் நியாயமானது, அதையும் சோதித்திருக்கிறார்கள். மூளை ஆய்வாளர் சிமோன் ரைன்டர்ஸ் குழுவினர் நோயாளிகளின் மூளையைப் படம்பிடித்தபடி அவர்களுடைய கொடுமையான அனுபவத்தையே கேட்கவைத்தார்கள். அதை நினைவில் தாங்கியிருக்கும் நிலையில் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறின. அன்றாட வேலைகளைப் பார்க்கும் நிலையில், யாருக்கோ நடந்த கதையைக் கேட்பதுபோல மூளை இருந்தது. 2012இல் வெளிவந்த ஆய்வில், கற்பனை வளம் மிகுந்தவர்களைப் பயிற்றுவித்து அதேபோல நடிக்கவும் செய்தார்கள். அவர்களுடைய மூளையும் உடலும் அந்த மாற்றத்தைக் காட்டவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. நினைவு உள்ளே இருக்கிறது. ‘இது எனக்கு நடந்தது’ என்ற உணர்வு மட்டும் அதோடு ஒட்டுவதில்லை. ஒரே உடம்புக்குள் பலர் குடியிருக்கிறார்கள் என்ற பேச்சைவிட இது உண்மைக்கு நெருக்கம். இருப்பது ஒருவர்தான். ஒன்றாகக் கோர்க்கப்படாமல் போன ஒருவர்.

அந்தக் கோர்வை எல்லாருக்கும் பிறகு வருவதுதான். கைக்குழந்தைக்குப் பசியில் ஒரு முகம், விளையாட்டில் ஒரு முகம், பயத்தில் இன்னொன்று. தூக்கிச் சமாதானப்படுத்தும் ஒருவர் திரும்பத் திரும்ப வரும்போது, மாலைக்கு நார்போல, இவையெல்லாம் மெல்ல மெல்ல ஒரு ‘நான்’ ஆகின்றன. சோறு ஊட்டும் கையே அடிக்கவும் சீரழிக்கவும் செய்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? ஓட இடமில்லை, எதிர்க்க வலுவில்லை. காலையில் அதே ஆளிடம் தேத்தண்ணி வாங்கிக் குடிக்க வேண்டுமானால், இரவில் நடந்தது தெரியாமல் இருந்தாக வேண்டும். இப்படி அனுபவத்தைத் துண்டாக்கி ஒதுக்கும் மனதின் இயல்பை பிரான்ஸின் உளவியலாளர் பியர் ஜானே 1889இலேயே விரிவாக எழுதினார். அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவில் இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 90 சதவீதமானோர் சிறுவயதுக் கொடுமையையோ கைவிடப்பட்டதையோ சொல்லியிருக்கிறார்கள். இதைத் தலைகீழாக வாசிக்கக் கூடாது. துன்பப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. அம்மா வெளிநாட்டுக்குப் போய், அம்மாயியிடம் வளர்கிற பிள்ளையை இந்தக் கண்ணால் பார்ப்பது அநியாயம்.

சமூகத்தில் 100 பேருக்கு ஒருவர் அளவில் இது இருக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மலையகத்தில் அப்படிப்பட்டவர் முதலில் போய்ச் சேர்வது பெரும்பாலும் கோடாங்கியிடம். உடுக்கை அடித்து “நீ யாரு?” என்று கேட்டால் ஏதோ ஒரு நிலை பெயர் சொல்லும். உடனே பேய் உறுதியாகிவிடும். இது நம் ஊர்க் குறைபாடு மட்டுமல்ல. யாரோ உள்ளே புகுந்ததாக உணர்வதும் இந்த நோயின் ஒரு வடிவம் என்று அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் கண்டறியும் கையேடே 2013இல்தான் எழுதிக்கொண்டது.

சாமி ஆடுவதை இதோடு குழப்பவும் வேண்டாம். மாசியில் காமன் கூத்து நடக்கிறது. வேஷம் கட்டியவருக்கு அருள் வருகிறது, தோட்டமே சூழ்ந்து நிற்கிறது, தண்ணீர் தெளித்ததும் இறங்குகிறது, மறுநாள் அவர் மலைக்கு வேலைக்குப் போகிறார். அழைத்தால் வருவதும், நேரத்துக்குப் போவதும், வாழ்க்கையைக் குலைக்காததும் நோயாகாது. இந்தக் கோளாறு அழையாமல் வரும். சம்பள நாள் இரவில் சாராய வாடை அடித்தால் போதும், யாராவது குரலை உயர்த்தினால் போதும். பேயோட்டுகிறேன் என்று அடிப்பதும் மிளகாய்ப் புகை போடுவதும் எந்த வன்முறையால் மனம் உடைந்ததோ அதையே திரும்பச் செய்வது. இதில் எனக்குச் சமரசம் இல்லை.

இதற்கென்று தனி மருந்து கிடையாது. தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து உதவும். அடிப்படைச் சிகிச்சை பேச்சுதான், அதுவும் வருடக்கணக்கில். முதலில் பாதுகாப்பையும் நிதானத்தையும் உண்டாக்குவார்கள். பழைய காயத்தைத் தொடுவது அதற்குப் பிறகே. கடைசியில் நிலைகளை ஒன்றோடொன்று இணக்கமாக்குவார்கள். எல்லாம் கரைந்து ஒன்றாக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு நிலை செய்தது மற்றதற்குத் தெரிந்தாலே நாள் ஓடும். பலர் அதற்காகவே ஒரு கொப்பியில் எழுதிவைக்கிறார்கள். வீட்டார் “இப்ப யாரு பேசுறது?” என்று துருவுவதும் “நடிக்காத” என்பதும் நல்லதல்ல. இன்றைய திகதியையும் நிற்கிற இடத்தையும் அமைதியாகச் சொல்லி, குளிர்ந்த தண்ணீரில் கையை நனைக்கச் சொன்னால், பழைய பயத்திலிருந்து இந்த நேரத்துக்கு வர அது உதவும்.

வெளிநாடுகளில் சிகிச்சையில் இருந்தவர்களுக்கே சரியான நோயைக் கண்டுபிடிக்க 5 முதல் 12 வருடம் ஆகியிருக்கிறது. குரல் கேட்கிறது என்று மட்டும் சொன்னால் மனச்சிதைவு நோய் என்று எண்ணிவிட வாய்ப்பு அதிகம். இந்த நோயுள்ள வெளிநோயாளர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானோர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றிருப்பதால் தாமதம் ஆபத்தானது. அவசரத்துக்கு, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். நுவரெலியாவிலோ பதுளையிலோ கண்டியிலோ வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குப் போகிறவர், எந்த நாட்களில் நேரம் தொலைந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, குரல் எந்த வயதிலிருந்து கேட்கிறது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோவது நல்லது. வைத்தியர் முன் உட்காரும்போது எந்த நிலை முன்னால் இருக்கும் என்று போகிறவருக்கே தெரியாது.