லாபி: தாழ்வாரத்தில் பிறந்த சொல்

புதுச்சேரி வைசியாள் வீதியின் பழைய தமிழ் வீடுகளைப் பார்த்தவருக்கு 'லாபி' (lobby) என்ற ஆங்கிலச் சொல்லை விளக்குவது சுலபம். தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சரிவு, தாழ்வாரம். அதைத் தாண்டினால் திண்ணை. மழைக்கு ஒதுங்க ஒன்று, வந்தவரோடு உட்கார்ந்து பேச ஒன்று. வீட்டுக்குள் போவதற்கு முன்பே பாதி விஷயம் அங்கே முடிந்துவிடும்.

லாபியும் அப்படி ஓர் இடம்தான். இடைக்கால லத்தீனில் 'லோபியா' என்றால் கூரை போட்ட நடைவழி. அதன் ஜெர்மானிய வேர் 'இலை' என்ற சொல்லோடு உறவுடையது. இலை வேய்ந்த நிழல், நம் பந்தல் மாதிரி. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் மடாலய நடைவழியைக் குறித்தது. அடுத்த நூற்றாண்டில், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பொதுமக்கள் உறுப்பினர்களைச் சந்திக்கும் கூடத்துக்குப் பெயரானது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், அப்படிப்பட்ட கூடங்களில் காத்திருந்து காரியம் சாதிப்பதற்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. பிரெஞ்சிலும் 'குலுவார்' என்றால் நடைவழி. அவைக்கு வெளியே நடக்கும் பேச்சையும் அந்தச் சொல்லால் சுட்டுவார்கள்.

சரி, இன்று இந்தச் சொல்லை எங்கே அதிகம் படிக்கிறோம்? ஐ.நா. செய்திகளில். பொதுச்சபையில் 193 நாடுகள், ஆளுக்கு ஒரு வாக்கு. மேடையில் எல்லோரும் சமம். ஆனால் மேடைக்கு வெளியே?

1947இல் பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கும் தீர்மானம் பொதுச்சபைக்கு வந்தபோது பிலிப்பைன்ஸ் பிரதிநிதி கார்லோஸ் ரோமுலோ அதை எதிர்த்துப் பேசினார். வாக்கெடுப்பு சில நாள் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் அமெரிக்கத் தரப்பிலிருந்து நெருக்குதல் போனது. நவம்பர் 29 அன்று பிலிப்பைன்ஸ் ஆதரித்து வாக்களித்தது. 33க்கு 13 என்று தீர்மானம் நிறைவேறியது. 43 ஆண்டு கழித்து அதே நவம்பர் 29இல், பாதுகாப்பு அவையில் ஈராக்குக்கு எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் 678ஆம் தீர்மானத்தை ஏமன் எதிர்த்தது. அந்த ஏழை நாட்டுக்கான அமெரிக்க உதவி வெட்டப்பட்டது. மனசாட்சிப்படி சொன்ன ஒரு 'இல்லை'க்கு இவ்வளவு விலை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

இப்படி வல்லரசு பணிய வைப்பதையும் 'லாபி' என்கிறோம். 2015இல் பாரிஸ் பருவநிலை மாநாட்டில் புவி வெப்ப உயர்வுக்கு 1.5 பாகை செல்சியஸ் என்ற வரம்பை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லிச் சிறு தீவு நாடுகள் நாடு நாடாகப் பேசிச் சேர்த்த ஆதரவையும் 'லாபி' என்கிறோம். கடலில் மூழ்கப்போகிறவர் கெஞ்சுவதும், பணம் வைத்திருப்பவர் மிரட்டுவதும் ஒன்றா?

அதனால் ஒரே தமிழ்ச் சொல்லை நான் பரிந்துரைக்கவில்லை. ஓட்டல் லாபிக்கு 'முன்கூடம்' போதும். வாதம் சொல்லி ஆள் சேர்த்தால் 'ஆதரவு திரட்டல்'. பத்திரிகைகளில் ஏற்கெனவே புழங்கும் சொல். உதவியை நிறுத்துவோம் என்று பணிய வைத்தால் 'நெருக்குதல்'. அதைச் செய்யும் அமைப்பு 'அழுத்தக் குழு'. 'திண்ணைப் பேச்சு' என்று வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அது வெட்டிப் பேச்சு என்ற பொருளுக்குப் போய்விட்டது. 'திண்ணைப் பிரச்சாரம்' தேர்தலுக்குப் போய்விட்டது.

அடுத்த முறை 'ஐ.நா.வில் தீவிர லாபி' என்று செய்தி எழுதுகிறவர், அங்கே நடந்தது ஆதரவு திரட்டலா நெருக்குதலா என்று விசாரித்துவிட்டு எழுதட்டும்.