பெல்ப்பர் வடக்கு ஆலை: இரும்பும் செங்கல்லும் சேர்ந்து நிற்கும் கணக்கு

இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டத்தில் டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கும் பெல்ப்பர், பருத்தி நூற்பாலைகளால் வளர்ந்த சிறு நகரம். 1786-இல் ஸ்ட்ரட் குடும்பத்தார் அங்கே கட்டிய வடக்கு ஆலை, 1803 ஜனவரியில் எரிந்து போனது. அதே இடத்தில் வில்லியம் ஸ்ட்ரட் எழுப்பிய புதிய ஆலை 1804-இல் முடிந்தது. ஐந்து தளங்களும் அவற்றுக்கு மேல் ஒரு கூரைத்தளமும் கொண்ட அந்தச் செங்கல் கட்டிடம் இன்றும் நிற்கிறது. இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டிடங்களின் பட்டியலில் அது முதல் தரம். 2001 முதல் டெர்வென்ட் பள்ளத்தாக்கு ஆலைகள் என்ற உலகப் பாரம்பரியக் களத்தின் பகுதியாகவும் இருக்கிறது.

சாலையில் நின்று பார்த்தால் ஜன்னல்கள் நிறைந்த சாதாரணச் செங்கல் சுவர்தான் தெரியும். இந்தக் கட்டிடத்தின் மதிப்பெல்லாம் உள்ளே, தளங்களைத் தாங்கும் முறையில் இருக்கிறது. அந்த முறை புரியாமல் அதில் ஒரு ஆணி அடிப்பதுகூட ஆபத்து.

முதலில், மர ஆலைகள் ஏன் அப்படி எரிந்தன? நூற்பாலையின் காற்றில் எப்போதும் பஞ்சுத்தூசி மிதக்கும். விட்டங்களின் மேலும் இயந்திரங்களின் அடியிலும் அது படியும். சுழலும் தண்டுகளுக்கு ஊற்றும் உயவு எண்ணெய் சொட்டிச் சொட்டி மரப்பலகைத் தளத்தில் ஊறும். குளிர்கால வேலை நேரத்தில் பாதி இருட்டு. மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும்தான் வெளிச்சம். எண்ணெய் வற்றிய தண்டுத் தாங்கி சூடேறினாலே ஒரு பொறி கிளம்பிவிடும். ஒரு தளத்தில் பிடித்த நெருப்பு பலகை இடுக்குகள் வழியாகவும், தண்டுகளும் பட்டைகளும் போகும் துளைகள் வழியாகவும் மேல் தளத்துக்குத் தாவும். மேலே போகப் போக அதன் வேகம் கூடும். 1791-இல் லண்டனின் புகழ்பெற்ற ஆல்பியன் மாவு ஆலை எரிந்தபோது, பெருந்தொகை முதலீட்டுக்குக்கூடப் பாதுகாப்பில்லை என்பது ஆலை முதலாளிகள் எல்லோருக்கும் உறைத்தது.

வில்லியம் ஸ்ட்ரட் இதற்குப் படிப்படியாக விடை தேடினார். 1792-93இல் டார்பி நகரில் அவர் கட்டிய ஆலையில் பலகைத் தளத்துக்குப் பதிலாகச் செங்கல் வளைவுகள் வந்தன, தூண்கள் வார்ப்பிரும்பு ஆயின. ஆனால் வளைவுகளைத் தாங்கிய உத்தரங்கள் அப்போதும் மரம்தான். அவற்றின் வெளித்தெரியும் பக்கங்களுக்குச் சாந்து பூசி நெருப்பிலிருந்து மறைத்தார். மேல் தளங்களின் எடையைக் குறைக்கச் செங்கல்லுக்குப் பதில் உள்ளே வெற்றிடமுள்ள சுட்ட மண் குடுவைகளை வளைவில் அடுக்கினார். உத்தரத்தையும் இரும்பாக்கும் அடுத்த அடியை எடுத்து வைத்தவர் அவருடைய நண்பர் சார்லஸ் பேஜ். ஷ்ரூஸ்பரி நகரின் டிதரிங்டனில் 1797-இல் முடிந்த பேஜின் ஆளிநார் (லினன் துணிக்கான நார்) நூற்பாலைதான் தூணும் உத்தரமும் இரும்பாலேயே ஆன உலகின் முதல் கட்டிடம். அதன் இரும்பு வேலை உள்ளூர் வார்ப்பாலைக்காரர் வில்லியம் ஹேசல்டைனுடையது. பேஜும் ஸ்ட்ரட்டும் உத்தரங்களின் வலிமையைப் பற்றிக் கடிதங்களில் விவாதித்திருக்கிறார்கள். அந்த அனுபவமெல்லாம் கூடி வந்த இடம் பெல்ப்பர் வடக்கு ஆலை.

தளம் எப்படி நிற்கிறது

கட்டிடத்தின் அகலத்தை இரண்டு வரிசைத் தூண்கள் மூன்றாகப் பிரிக்கின்றன. சுவரிலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து தூணுக்கும், மீண்டும் சுவருக்குமாக வார்ப்பிரும்பு உத்தரங்கள் போகின்றன. ஒவ்வொரு உத்தரத்தின் நீளமும் சுமார் 9 அடி. இப்படி ஒரு வரிசை உத்தரத்துக்கும் அடுத்த வரிசைக்கும் இடைவெளி சுமார் 7 அடி. அந்த இடைவெளியை ஒரு தட்டையான செங்கல் வளைவு மூடுகிறது. வளைவின் முதுகில் மணலும் கட்டிட இடிபாடும் நிரப்பிச் சமன்படுத்தி, அதன்மேல் கல்லோ ஓடோ பதித்தால் தளம் தயார். சென்னையின் பழைய அரசுக் கட்டிடங்களில் இரும்பு விட்டங்களுக்கு நடுவே செங்கல் வளைவு ஓடும் கூரைகளைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஜாக் ஆர்ச் என்ற அந்தக் கூரை இந்த வழியில் வந்ததுதான்.

வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்கும். அதன் பெரும்பகுதி மெல்லிய கிராபைட் தகடுகளாக இரும்புக்குள் சிதறிக் கிடக்கும். அமுக்கும்போது அந்தத் தகடுகள் தொந்தரவு செய்வதில்லை. இழுக்கும்போது ஒவ்வொரு தகட்டின் ஓரமும் ஒரு விரிசலின் தொடக்கமாகிறது. சாக்பீஸை நேராக நிறுத்தி அழுத்தினால் தாங்கும், வளைத்தால் பட்டென்று ஒடியும். வார்ப்பிரும்பின் குணமும் அதுவே. அமுக்கத்தில் அது தாங்கும் பாரத்தில் நான்கில் ஒன்றோ ஆறில் ஒன்றோதான் இழுவையில் தாங்கும். எனவே தூணுக்கு அது அருமையான பொருள். உத்தரத்துக்குத்தான் சிக்கல், ஏனென்றால் பாரம் ஏறிய உத்தரத்தின் மேற்பகுதி அமுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது.

வளைக்கும் விசை உத்தரத்தின் நடுவில்தான் உச்சம். முனைகளில் மிகக் குறைவு. அதனால் உத்தரத்தை நடுவில் ஆழமாகவும் முனைகளில் ஒடுக்கமாகவும் வார்த்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால் அதன் மேல்விளிம்பு ஆமை முதுகுபோல் வளைந்திருக்கும். அடிவிளிம்பு இருபுறமும் அகன்றிருக்கும். அந்த அகலம் இரண்டு வேலை செய்கிறது: செங்கல் வளைவின் கால் வந்து உட்காரும் படியாகிறது, இழுவை விழும் இடத்தில் கூடுதல் இரும்பையும் தருகிறது. அடியில் எவ்வளவு இரும்பு வேண்டும் என்ற சரியான கணக்கு அன்று இல்லை. 1830 வாக்கில் ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் என்ற பொறியியல் ஆய்வாளர் சோதனைகள் செய்து, கீழ்விளிம்பின் பரப்பு மேல்விளிம்பைப்போல் ஆறு மடங்கு இருப்பது நல்லது என்று காட்டினார். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே ஸ்ட்ரட்டும் பேஜும் தங்கள் சோதனைகளை வைத்துக்கொண்டு சரியான திசையில் போயிருந்தார்கள் என்பது இன்றும் வியக்க வைக்கிறது.

அடுத்தது வளைவின் பக்க உதைப்பு. செங்கல் வளைவு தன் பாரத்தைக் கீழே மட்டும் இறக்குவதில்லை, இரு பக்கமும் தள்ளும். ஒரு மாதிரிக் கணக்குப் போடலாம். வளைவின் அகலம் 2.1 மீட்டர், நடுவில் எழுச்சி 20 செ.மீ., தளத்தின் சொந்த எடையும் இயந்திரமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 800 கிலோ என்று கொள்வோம். பாரத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி, எழுச்சியின் எட்டு மடங்கால் வகுத்தால், உத்தரத்தின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 2,200 கிலோ உதைப்பு வருகிறது. மூன்று உத்தரங்களின் மொத்த நீளத்துக்கு, அதாவது 27 அடிக்கு, ஏறத்தாழ 18 டன். எழுச்சியைப் பாதியாக்கினால் உதைப்பு இரட்டிப்பாகும்.

நடுப்பகுதிகளில் இது பெரிய பிரச்சினையல்ல. இடப்பக்க வளைவு தள்ளுவதை வலப்பக்க வளைவு எதிர்த்துத் தள்ளுகிறது. கடைசி வளைவுக்கு எதிராள் இல்லை. அதன் உதைப்பு முழுவதும் கட்டிடத்தின் முனைச்சுவரில் விழும். கட்டும்போதும் இதே நிலைதான், ஏனென்றால் அடுத்த வளைவு இன்னும் எழும்பியிருக்காது. இதற்காகத்தான் உத்தரத்தையும் உத்தரத்தையும் தேனிரும்புக் கம்பிகளால் இழுத்துக் கட்டினார்கள். தேனிரும்பு இழுவையைத் தாங்கும், ஒடியாமல் நீளும். இப்படி அமுங்க வேண்டிய இடத்தில் வார்ப்பிரும்பு, தள்ள வேண்டிய இடத்தில் செங்கல், இழுபட வேண்டிய இடத்தில் தேனிரும்பு என்று மூன்றும் தத்தம் வேலையைப் பார்க்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் நிற்காது.

நிற்காமல் போனதும் உண்டு. 1844-இல் ஓல்டாம் நகரில் கட்டி முடியும் தறுவாயில் இருந்த ஒரு ஆலையில் வார்ப்பிரும்பு உத்தரம் ஒடிந்தது. அது தாங்கிய வளைவு விழுந்தது. எதிராள் போனதும் பக்கத்து வளைவு தன் உத்தரத்தைத் தள்ளியது. தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து 20 பேர் இறந்தார்கள்.

நெருப்பு பிடிக்காததா?

முழுவதும் இல்லை. வார்ப்பிரும்பு எரியாது, ஆனால் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் வலிமை வேகமாகச் சரியும். சூடேறிய தூணில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழவும் கூடும். லண்டன் தீயணைப்புப் படையின் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட், இரும்புச் சட்டகக் கட்டிடங்களைத் தீப்பிடிக்காதவை என்று நம்பிவிடக்கூடாது என்று வெளிப்படையாக எச்சரித்தார். அவர் சொன்னது பெரிய சரக்குக் கிடங்குகளுக்கு மிகவும் பொருந்தும், அங்கே எரிபொருள் மலைபோல் குவிந்திருக்கும். ஆலையில் நிலைமை கொஞ்சம் வேறு. தளம் எரியாததால் நெருப்பு ஒரு தளத்தோடு நிற்க வாய்ப்பு அதிகம். உத்தரத்தின் உடல் செங்கல்லுக்குள் புதைந்திருக்கிறது, அடிவிளிம்பு மட்டும்தான் வெளியே தெரிகிறது. ஆனால் தூண்கள் நாலா பக்கமும் திறந்தே நிற்கின்றன. இந்த முறையின் பலவீனம் அங்கேதான்.

ஸ்ட்ரட் நெருப்பையே உள்ளிருந்து அகற்றவும் முயன்றார். தளங்களில் கணப்பு கிடையாது. கீழே ஒரு அடுப்பில் காற்றைச் சூடாக்கி, குழாய்வழியாக மேல் தளங்களுக்கு அனுப்பினார்கள். பஞ்சு குளிரில் சரியாக நூலாகாது என்பதால் அது உற்பத்திக்கும் தேவைப்பட்டது. பக்கத்தில் இருந்த வட்ட ஆலையை எட்டுப் பிரிவுகளாகப் பிரித்து, தீ பிடித்தால் ஒரு பிரிவை மட்டும் அடைத்துவிடும்படி அமைத்திருந்தார்கள். அந்த அபூர்வக் கட்டிடத்தை 1959-இல் இடித்துவிட்டார்கள். இன்று இருந்தால் யாரும் அதன்மேல் கைவைத்திருக்க முடியாது. அந்த இழப்பை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

பட்டியலில் இருந்தால் என்ன செய்யலாம், எது கெடும்

இங்கிலாந்தில் ஏறத்தாழ 4 லட்சம் பதிவுகள் பட்டியலில் உள்ளன. அவற்றில் முதல் தரம் பெற்றவை 2.5 சதவீதம் மட்டுமே. 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு முகப்புக்கு மட்டுமல்ல, கட்டிடம் முழுமைக்கும் உண்டு. பட்டியல் குறிப்பில் எழுதாமல் விட்ட உள் தூணும் அதில் அடங்கும். அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பக் கட்டணம் இல்லை, முடிவுக்குப் பொதுவாக 8 வாரம். ஒப்புதலின்றிச் செய்தால் அது குற்றவியல் வழக்கு, அதற்குக் கால வரம்பும் கிடையாது.

சட்டத்தைவிடப் பெரிய எதிரி நீர். அடைத்துக்கொண்ட மழைநீர்க் கால்வாய் வழிந்து சுவரின் தலைக்குள் இறங்கும். உத்தரத்தின் முனை சுவருக்குள் உட்காரும் இடத்திலும், வளைவுக்குள் மறைந்த இழுகம்பியிலும் துரு பிடிக்கும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; செங்கல்லைப் பிளந்துகொண்டு வெளியே வரும். சுவரில் உத்தர மட்டத்தில் கிடையாக ஓடும் விரிசல் கண்ணில் பட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அதை சிமென்ட் வைத்து அடைப்பது நோயை முற்றவிடும் மருந்து. பழைய செங்கல்லைவிட சிமென்ட் கெட்டி. ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாகவே போகப் பார்க்கும். குளிர்காலத்தில் அது உறைந்து செங்கல்லின் முகம் உதிரும். சரியான முறை: பழைய சாந்தை இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது, அதாவது 20 முதல் 25 மி.மீ. ஆழம், கையாலேயே சுரண்டி எடுப்பது. நனைத்துவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கூரான மணல் கலந்த சாந்தை அழுத்தி நிரப்புவது. ஈரச்சாக்கால் மூடிச் சில நாள் மெதுவாக உலரவிடுவது. வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் இந்த வேலையைத் தொடக்கூடாது. மின்சார அறுப்பானை எடுத்தால் செங்கல்லின் ஓரம் வெட்டுப்பட்டு, இணைப்பு என்றென்றைக்கும் அகலமாகிவிடும்.

விரிசல் விட்ட வார்ப்பிரும்பைப் பற்றவைக்கலாமே என்று தோன்றும். ஓரிடத்தை மட்டும் சூடாக்கிக் குளிரவிட்டால் அங்கே கண்ணாடிபோல் நொறுங்கும் வெள்ளை இரும்பு உருவாகும். பற்றவைப்பின் பக்கத்திலேயே புது விரிசல் ஓடும். பழைய உத்தரங்களுக்குக் குளிர்ந்த தையல்தான் நல்லது. விரிசலுக்குக் குறுக்கே துளைகளை வரிசையாகப் போட்டு, அவற்றில் நிக்கல் கலவைப் பூட்டுத்துண்டுகளை அடித்து இறுக்கி, விரிசலின் நெடுகத் திருகாணிகளை ஒன்றோடொன்று கவ்வும்படி ஏற்றுவார்கள். பின்னாளைய ஆலைகளில் உள்ள வெற்றிடத் தூண்களில் இன்னொரு கவனம் வேண்டும். கிடத்தி வார்த்தபோது உள் அச்சு நகர்ந்திருந்தால் ஒரு பக்கச் சுவர் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். சுற்றிலும் மூன்று இடங்களிலாவது தடிமன் அளக்காமல் அந்தத் தூணின் தாங்குதிறனைச் சொல்லக்கூடாது.

ஆலையை அலுவலகமாகவோ குடியிருப்பாகவோ மாற்றும்போது வரும் தவறுகள் பெரும்பாலும் நல்லெண்ணத்தில் செய்பவை. காற்றுக்குழாய் போக வழியில்லை என்று ஒரு இழுகம்பியை அறுப்பார்கள். முனைச்சுவர் சாய ஆரம்பித்தபின்தான் காரணம் புரியும். தளத்தைச் சமமாக்க 7.5 செ.மீ. கான்கிரீட் ஊற்றினால் சதுர மீட்டருக்கு 180 கிலோ கூடுகிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கு விதிகள் கணக்கில் எடுக்கும் 150 கிலோ அளவிலான பாரத்தைவிட அது அதிகம். சரி, எடையைக் குறைப்போம் என்று பழைய நிரப்பை வாரி எடுத்தால் இன்னொரு ஆபத்து: அரைச்செங்கல் தடிமனே உள்ள வளைவு, சீராகப் பரவிய பாரத்தில்தான் உறுதியாக நிற்கும். நிரப்பு போனபின் வளைவின் அகலத்தில் கால்பங்கு தூரத்தில் ஒரு கனமான அலமாரி வந்தால் அந்தப் பக்கம் தாழ்ந்து மறுபக்கம் மேலே புடைக்கும். நிரப்பை எடுத்தே ஆக வேண்டுமென்றால், பக்கத்துப் பக்க வளைவுகளில் ஒரே அளவாக, சிறு பட்டைகளாக, அடியில் முட்டுக் கொடுத்து எடுப்பார்கள். பாரம் ஏற்றும் முன் வளைவின் உச்சியிலும் கால்பங்குப் புள்ளிகளிலும் அளவுகோல் வைத்து நகர்வைத் தினமும் குறித்துக்கொள்வார்கள்.