ஆலிவ் எண்ணெயை நம்பி எலும்பு ஊசியை விடாதீர்கள்

"ஊசி எதுக்கு டாக்டர், தினமும் வெறும் வயித்துல ரெண்டு ஸ்பூன் ஆலிவ் ஆயில் குடிக்கிறேனே?" என்கிறார் ஒரு அம்மா. எக்ஸ்ரேயில் இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருக்கின்றன. எலும்பு மெலிவுக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டிய டெனோசுமாப் ஊசியைத் தவணை தாண்ட விட்டுவிட்டார். இதே கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

இந்த ஊசியை நீங்களாக நிறுத்தினால், அதுவரை அடங்கிக் கிடந்த ஆஸ்டியோகிளாஸ்டுகள் என்னும் செல்கள் ஒரேயடியாகக் கிளம்பி எலும்பை அரிக்கும். நாங்களே நிறுத்துவதானாலும் வேறு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்துவோம். தேதி தாண்டியிருந்தால் தயவுசெய்து இன்றைக்கே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

சரி, ஆலிவ் எலும்புக்கு நல்லது என்று சொல்லும் ஆராய்ச்சி பொய்யா? இல்லை. ஆலிவிலுள்ள ஒலியுரோபீன் என்ற பொருளை எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களில் விட்டுப் பார்த்தபோது கொழுப்பு செல்கள் குறைந்து, எலும்பு கட்டும் ஆஸ்டியோபிளாஸ்டுகள் கூடின. ஆலிவின் இன்னொரு பொருளான ஹைட்ராக்ஸிடைரோசால், ஆஸ்டியோகிளாஸ்டுகள் உருவாவதைக் குறைத்தது. ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வில், எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெயோடு 2 ஆண்டுகள் மத்தியதரைக்கடல் உணவு சாப்பிட்ட முதிய ஆண்களின் ரத்தத்தில் ஆஸ்டியோபிளாஸ்டுகள் சுரக்கும் புரதமான ஆஸ்டியோகால்சின் கூடியது.

ஆனால் ஆய்வகத் தட்டில் இருக்கும் செல்லும் உங்கள் இடுப்பெலும்பும் ஒன்றா? தட்டில் அந்தப் பொருள் செல்லை நேராக, மணிக்கணக்கில் நனைத்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் குடிப்பதைக் குடலும் கல்லீரலும் உருமாற்றி, சில மணி நேரத்திலேயே பெரும்பகுதியைச் சிறுநீரில் தள்ளிவிடும். ரத்தத்தில் சுற்றுவது கொஞ்சம். எலும்பை எட்டுவது அதிலும் கொஞ்சம். ஆஸ்டியோகால்சினும் ஒரு ரத்தக் குறியீடுதான். அது ஏறிவிட்டதாலேயே, விழுந்தால் எலும்பு முறியாது என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த ஆலிவ் பொருள்களுக்காக (பாலிஃபீனால்கள் என்பார்கள்) பாட்டிலில் போட அனுமதித்த வாசகமும் ரத்தக் கொழுப்பைப் பற்றியதே. அதற்கே 20 கிராம் எண்ணெயில் 5 மில்லிகிராமாவது ஹைட்ராக்ஸிடைரோசால் வகைகள் இருக்க வேண்டும்.

(பலர் காட்டும் பாட்டிலில் 'லைட்' என்றிருக்கும். அது சுத்திகரித்த எண்ணெய். பாலிஃபீனால் பெரும்பாலும் போயிருக்கும். நல்ல எக்ஸ்ட்ரா வெர்ஜின் தொண்டையில் காரமாக உறைக்கும்.)

பிடித்திருந்தால் வேறு எண்ணெய்க்குப் பதிலாகச் சமையலில் ஊற்றுங்கள். மேற்கொண்டு குடிக்காதீர்கள்: ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி, கால்சியம் பெயருக்குக்கூட இல்லை, புரதமும் இல்லை. எலும்பு மெலிவுக்காக வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் மாத்திரை எடுப்பவர்கள் அதை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு மட்டும் விழுங்குங்கள். அப்புறம் அரை மணி நேரம் படுக்கவும் வேண்டாம், எண்ணெய் உட்பட எதையும் வாயில் போடவும் வேண்டாம். மூட்டில் தேய்த்தால் எலும்புக்குள் இறங்குமா என்று கேட்பவர்களுக்கு: இறங்காது. தேய்த்தே ஆக வேண்டுமென்றால், எண்ணெய்க் காலோடு குளியலறைக்குள் மட்டும் போய்விடாதீர்கள்.