மறைக்காமல் படைப்பணி: ‘ஓரினச்சேர்க்கை’ ஏன் இங்கே தவறான சொல்

அமெரிக்கப் படைகளில் தன்பாலீர்ப்பினர், அதாவது தம் பாலினத்தவர்மேலேயே ஈர்ப்பு உள்ளவர்கள், நடத்திய உரிமைப் போராட்டத்தைப் பற்றித் தமிழில் எங்கே படித்தாலும் ‘இராணுவத்தில் வெளிப்படையான ஓரினச்சேர்க்கைக்கு அனுமதி’ என்ற மாதிரி ஒரு வரி வந்துவிடுகிறது. விவரம் தெரியாமல் இதைப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? பாசறையில் நாலு பேர் பார்க்க உடலுறவு கொள்ள அனுமதி கேட்டார்கள் என்றுதான் நினைப்பார். அப்படி யாரும் கேட்கவில்லை. நான் இன்னார் என்று சொன்னதற்காக வேலையை விட்டுத் துரத்தக் கூடாது, கேட்டது அவ்வளவுதான்.

முதலில் வேரைப் பார்த்துவிடலாம். ஓரினச்சேர்க்கைக்கு மூலமான ஆங்கிலச் சொல் ஹோமோசெக்சுவல். அது ‘ஒத்த’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் ‘பால்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லையும் ஒட்டிச் செய்தது. 1869-இல் கெர்ட்பெனி என்ற எழுத்தாளர் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட துண்டு வெளியீடுகளில் அச்சேறியது. தமிழுக்கு வரும்போது அந்தப் ‘பால்’ காணாமல் போய், ‘இனம்’ என்றும் ‘சேர்க்கை’ என்றும் இரண்டு தொடர்பில்லாத சொற்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. இனம் என்று பார்த்தால் ஆணும் பெண்ணும் கூடுவதும் ஓரினச்சேர்க்கைதான், இரண்டு பேரும் மனித இனம்தானே.

அதைக்கூட விட்டுவிடலாம். பெரிய கேடு ‘சேர்க்கை’யில் இருக்கிறது. சேர்க்கை ஒரு செயல், சேர்க்கையாளர் அதைச் செய்கிறவர். வாழ்நாளில் யாரையும் தொடாத ஒருவர்கூடத் தன்பாலீர்ப்பினராக இருக்கலாம், அவரைச் சேர்க்கையாளர் என்று எப்படிச் சொல்வது? வேறு இடத்தில் இந்தக் குழப்பம் சின்னதாகத் தெரியலாம், படைப்பணி விஷயத்தில் அது வழக்கையே தலைகீழாக்கிவிடுகிறது. 1993-இல் கிளிண்டன் காலத்தில் வந்த சட்டம் வெளியேற்றத்துக்கு மூன்று காரணங்களை வைத்தது: உடலுறவுச் செயல், ஒரே பாலினரை மணப்பது, அப்புறம் ‘நான் தன்பாலீர்ப்பினன்’ என்று வாயால் சொல்வது. ஆம், சொன்னாலே போதும். ஈர்ப்பு மட்டும் இருந்தால் தடையில்லை, அது செயலிலோ சொல்லிலோ வெளிப்பட்டால் தடை என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் விதிகளே ஈர்ப்பையும் செயலையும் பிரித்து வைத்திருந்தன. இரண்டுக்கும் ஓரினச்சேர்க்கை என்ற ஒரே சொல்லைப் போட்டு மொழிபெயர்த்தால் ‘ஓரினச்சேர்க்கைக்குத் தடையில்லை, ஓரினச்சேர்க்கைக்குத் தடை’ என்று வரும். படிக்கிறவர் இதிலிருந்து என்னத்தைப் புரிந்துகொள்வார்?

அந்தச் சட்டத்துக்கு முன்பே, 1975-இல், விமானப்படையைச் சேர்ந்த லெனார்ட் மாட்லோவிச் தான் தன்பாலீர்ப்பினர் என்று எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தார். வியட்நாம் போரில் பதக்கம் வாங்கியவர். அதே ஆண்டில் வெளியேற்றப்பட்டார். வாஷிங்டனில் அவருடைய கல்லறையில் இப்படி இருக்கிறது: படையில் இருந்தபோது இருவரைக் கொன்றதற்கு எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள், ஒருவரை நேசித்ததற்கு வெளியே அனுப்பினார்கள். அவர் ‘நேசித்ததற்கு’ என்கிறார். அப்படி எழுதியவரை ‘ஓரினச்சேர்க்கையாளர் மாட்லோவிச்’ என்று அறிமுகப்படுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. 2009-இல் டான் சோய் என்ற அதிகாரி தொலைக்காட்சியில் தான் தன்பாலீர்ப்பினர் என்று ஒரு வாக்கியம் சொன்னார், மறு ஆண்டில் படையைவிட்டு வெளியேற்றப்பட்டார். இப்படி 1993 சட்டத்தின்கீழ் மட்டும் 13,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். 2010 டிசம்பரில் அந்த 1993 சட்டத்தை நீக்கும் சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டார், 2011 செப்டம்பர் 20 அன்று தடை முடிந்தது. பிரிட்டனிலும் இப்படி ஒரு தடை இருந்தது, அங்கே படை விசாரணையாளர்கள் படுக்கையறை விவரங்களைத் துருவித் துருவிக் கேட்டார்கள். தனிவாழ்வில் தலையிட்டது தவறு என்று 1999-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2000 ஜனவரியில் அங்கும் தடை போயிற்று. படுக்கையறையை இழுத்துவந்தது எதிர்த்தரப்பு. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தத் தரப்பின் சொல்லையே எடுத்துப் பாதிக்கப்பட்டவர்மேல் ஒட்டுகிறார்கள்.

சரி, தன்பாலீர்ப்பு மட்டும் குறையில்லாத சொல்லா என்று கேட்பவர்கள் உண்டு. ‘தன்பால் ஈர்த்தான்’ என்றால் தன்னிடம் இழுத்தான் என்றல்லவா பொருள், என்கிறார்கள். இலக்கணப்படி நியாயமான கேள்வி. ஆனால் வாக்கியத்தில் ‘தன்பாலீர்ப்பினர்’ என்று வரும்போது அந்தக் குழப்பம் யாருக்கும் வருவதில்லை, ஆண்பால், பெண்பால் வரிசையில்தான் காது அதை வாங்கிக்கொள்கிறது. மாற்றாகச் சொல்லப்படும் ‘ஒருபாலீர்ப்பு’ இதைவிடச் சிக்கல். ‘ஒருபால் கோடாமை’ என்ற குறளைப் படித்தவருக்கு ஒருபால் என்றால் ஒருபக்கம், ஆகவே ஒருதலைக் காதலோ என்று தோன்றும். தூய தமிழ் வேண்டும் என்பவர்களுக்கும் சொல்கிறேன்: ஓரினச்சேர்க்கையும் தூய தமிழ்தான், ஒரு வடசொல் கூடக் கிடையாது, இருந்தும் தவறான பொருளைத்தான் தருகிறது.

மிச்சச் சொற்களையும் பார்த்துவிடுவோம். ‘வெளிப்படையாக’ என்பது ஒளிவுமறைவற்ற நிர்வாகம் பற்றிப் பேசுவது மாதிரி இருக்கிறது, ‘பகிரங்கமாக’ என்பதில் ஏதோ குற்றத்தின் வாடை அடிக்கிறது. ‘மறைக்காமல்’ போதும். இராணுவம் என்றால் பலருக்குத் தரைப்படை மட்டுமே, மாட்லோவிச் விமானப்படைக்காரர், ஆகவே ‘படை’ என்பது பொதுவாக நிற்கும். 1993 சட்டத்தோடு வந்த கொள்கைக்கு ஆங்கிலத்தில் ‘டோன்ட் ஆஸ்க், டோன்ட் டெல்’ என்று பெயர், அதைக் ‘கேளாதே, சொல்லாதே’ என்று எழுதுவதிலும் சிக்கல். தமிழில் கேட்பது செவியின் வேலையும் கூட, காதைப் பொத்திக்கொள் என்று சொல்வதுபோல் ஆகிறது. அதில் வினவக் கூடாது என்பது அதிகாரிக்கு, சொல்லக் கூடாது என்பது சிப்பாய்க்கு. ‘விசாரிக்காதே, சொல்லாதே’ என்றால் இரண்டும் பிரிந்து நிற்கும்.

ஆக, முழுத்தொடர்: தன்பாலீர்ப்பினர் மறைக்காமல் படைப்பணி செய்யும் உரிமை. செய்தித் தலைப்பில் இடம் இல்லை, பழகிய சொல்லே சுருக்கம் என்று பதில் வருகிறது. எண்ணிப் பாருங்கள்: ஓரினச்சேர்க்கையாளர் 11 எழுத்து, தன்பாலீர்ப்பினர் 9.