ரிசல்ட் வந்த மறுநாளே அவள் வீட்டுக்குப் போங்கள்

பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்தினால் வறுமை, அப்பாவின் பிடிவாதம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். திண்டுக்கல் பக்கம் கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கும் நான் அதிகம் காண்பது வேறு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்கிலோ ஆங்கிலத்திலோ 35 எடுக்காமல் போனதோடு பல பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடுகிறது.

பையன் பெயிலானால் டுடோரியலில் சேர்க்கிறார்கள். பெண் பெயிலானால் நூற்பாலைக்கு ஆள் சேர்ப்பவர் அந்த வாரமே வாசலில் நிற்கிறார். ஒரு வீட்டில் அம்மா என்னிடம் கேட்டார்: "பெயிலான புள்ளைய வச்சுக்கிட்டு என்ன டீச்சர் செய்ய? மில்லு வண்டி தெருவுக்கே வருது. மூணு வருசம் போனா கல்யாணத்துக்காவது ஆகும்." மகள் கதவோரம் நின்றிருந்தாள். மற்ற நான்கு பாடமும் பாஸ். கணக்கு மட்டும் 28.

துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வருகிறது, அதில் தேறினால் இதே ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் சேரலாம் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு வருசம் வீண் என்றே நினைத்திருந்தார்கள். அந்த நினைப்புதான் மில்லுக்கும் மாப்பிள்ளை பார்ப்பதற்கும் வழி விடுகிறது.

அடுத்த தடை தூரம். மேல்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில். பஸ் பாஸும் சைக்கிளும் அரசு தருகிறது, ஆனாலும் "வயசுப் பிள்ளை தனியாகப் போவதா?" என்பார்கள். ஒரே தெருவிலிருந்து இரண்டு மூன்று பேரைச் சேர்த்து அனுப்பினால் இந்தப் பேச்சு பாதி அடங்கிவிடும்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். "தாலிக்குத் தங்கம்" இன்னும் உண்டா என்று கேட்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான அந்தத் திருமண உதவிதான் 2022இல் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் கல்லூரிக்குப் போனால் மாதம் ₹1,000 அவள் வங்கிக் கணக்கிலேயே விழும். கல்லூரியில் சேர்ந்த அக்காவின் பாஸ்புக்கைக் காட்டினால், நாம் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அம்மாக்கள் அதை நம்புகிறார்கள்.

பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் பேசுவதாகக் காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு உடனே சொல்லுங்கள். நிச்சயம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்களே கொடுப்பார்கள். கட்டணத்துக்குப் பணமில்லை என்று எந்த அம்மாவும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சிறு தொகைதான், நாமே கட்டிவிடலாம். மே மாதத்தில் தினமும் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஒருவர் முன்வந்தால் போதும், 28 எடுத்தவள் 35ஐத் தொட்டுவிடுவாள்.